சிவப்புக்குள் ஓர் ஊற்று

பாளையங்கோட்டை,
9.2.2025

அன்புத் தம்பி செந்தூர்பாண்டிக்கு அக்கா செல்லக்கிளி எழுதுவது.

உன் அத்தானுக்குக் கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. எனக்கு இருமல் மட்டும்தான். இருபத்தெட்டு வருஷம் மலைக் குளிரில் தேயிலை பறித்தபோது வராத இருமல், கீழே வெயிலில் வந்திருக்கிறது. அந்த ஊர்ச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துப்போகிறதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ சிரிக்கிறாய். சிரித்து முடிப்பதற்குள் "டவர் இல்லக்கா" என்று கட்டாகிவிடுகிறது. காகிதத்தில் சிரிக்க முடியாது. அதனால் இப்படிக் கேட்கிறேன். நீயும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கென்யாவில் மாடு மேய்க்கிற மாசாய் ஜனங்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சிங்கத்துக்கும் யானைக்கும் இடம் விட்டு, தாங்களே ஒரு காப்பகம் நடத்துகிறார்கள், அவர்களுக்கு நான் நிலம் அளந்து வரைபடம் போடுகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அப்போது போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். 'காப்பகம்' என்று காதில் விழுந்ததும் உன் அத்தான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு நடத்துதான்னு கேளு. மேய்க்கிறவன் நடத்துதானா, இல்ல மேய்க்கிறவன் பேரைச் சொல்லி வேற எவனும் நடத்துதானான்னு கேளு" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. குத்தகை முடிகிறது, இனிமேல் இது காடு, இறங்குங்கள் என்று எங்களுக்கும்தான் சொன்னார்கள். சாமான் சட்டியோடு லாரியில் மலையிறங்கி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஆகவே கேட்கிறேன். அந்த ஜனங்கள் இடத்தை விட்டுவிட்டு எங்கே போகிறார்கள்? உனக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

இந்த அடுக்குமாடியில் எங்களுக்குக் கீழ்வீடு கிடைத்தது அத்தான் காலுக்கு வசதி. சீவலப்பேரிக்கு நெல் காயப்போடும் வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன். மலையில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பேச்சித்தாய் இங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறாள். தண்ணீர்க் குழாயில் ஏதோ சச்சரவு, இப்போது பேச்சு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
செல்லக்கிளி


நரோக் தபால் பெட்டி வழியாக,
8.3.2025

என் அன்பான அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! வயிறு நன்றாக இருக்கிறது. மக்காச்சோள மாவைக் களிபோலக் கிண்டித் தருகிறார்கள், பழகிவிட்டேன். அத்தான் காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

நீ வீணாகப் பயப்படுகிறாய். இங்கே நிலம் இந்த ஜனங்களுடையது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டா இருக்கிறது. அறுபத்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் சிங்கம் பார்க்க வந்து தங்கும் கூடாரங்களை ஒரு சுற்றுலாக் கம்பெனி நடத்துகிறது. அந்தக் கம்பெனி நிலத்துக்கு மாதா மாதம் வாடகை தருகிறது. பச்சை நிறம் போட்ட பகுதியில் கோடையில் மாடு மேய்க்கலாம். சிவப்புப் பகுதி மிருகங்களுக்கு மட்டும். பழைய ஒப்பந்தம் இந்த வருஷக் கடைசியில் முடிகிறது. அடுத்த பதினைந்து வருஷத்துக்குப் புதிதாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதற்குத்தான் என் வரைபடம்.

காலையில் வேலைக்குக் கிளம்பினால் ஜீப்புக்குக் குறுக்கே வரிக்குதிரைக் கூட்டம் நிற்கிறது. நம் ஊர் எருமை மாதிரி ஒதுங்கவே ஒதுங்காது.

நைசுலா என்று ஒரு பெண். உன் வயதிருக்கும். புருஷன் இல்லை. நூற்றைம்பது ஏக்கர் நிலமும் பதினொரு மாடும் அவள் பெயரில் இருக்கின்றன. முள்வேலி போட்ட அவள் வீட்டில்தான் முதலில் எனக்குத் தேநீர் கிடைத்தது. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது, கவலைப்படாதே.

உன் தம்பி,
செந்தூர்


பாளையங்கோட்டை,
2.4.2025

தம்பி செந்தூருக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் சுகக்கேடு இல்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கடிதத்தை இரண்டு தடவை நான் படித்தேன், ஒரு தடவை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டேன். மாதம் தவறாமல் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நனைந்தேன் என்று சொல்வதைப்போல இருக்கிறது.

"சங்கம் தருதுன்னா சங்கம்னு எழுதியிருப்பான். எழுதலைன்னா கம்பெனிதான்" என்றார் உன் அத்தான்.

அது போகட்டும். அந்தப் பெண் நைசுலா என்னை விசாரித்ததாக எழுதியிருக்கிறாய். என்னை அவளுக்கு எப்படித் தெரியும்? நீ வேலைக்குப் போன இடத்தில் என் பேச்சு எதற்கு வந்தது? நிலம் அளக்கிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா கதை சொல்லுவானா?

இந்த இரண்டுக்கும் பதில் எழுது. வரிக்குதிரையைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

செல்லக்கிளி


நரோக்,
20.5.2025

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. இங்கே நல்ல மழை. ஜீப் சேற்றில் மாட்டி இரண்டு ராத்திரி ஒரு மாசாய் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. சளி பிடித்துச் சரியாகிவிட்டது. உன் இருமல் நின்றதா?

சம்பளம் கம்பெனி மூலமாக வருகிறது. இங்கே எல்லாருக்கும் அப்படித்தான், அதில் ஒன்றும் இல்லை. மிருகக் காவலர்கள்கூட மாசாய்க்காரர்கள்தான், அவர்களுக்கும் அப்படித்தான்.

உன்னைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாரும்தானே கேட்பார்கள்.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். மரத்தடியில் நின்று நான் வரைபடத்தை விளக்குகிறேன் பார். உட்கார்ந்திருப்பவர்கள் நிலத்துக்காரர்கள். சிவப்புத் துணி போர்த்து முன்னால் இருப்பவள் நைசுலா. அன்றைக்கு மட்டும் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இதுவரை நாற்பத்தொரு பேர் ஆயிற்று.

வேலை நிறைய இருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

செந்தூர்


பாளையங்கோட்டை,
15.6.2025

தம்பிக்கு,

சளி முழுக்கப் போய்விட்டதா? மிளகு கிடைத்தால் தட்டிப் போட்டுக் குடி. எனக்கு இருமல் இருக்கிறபடியே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சீவலப்பேரியில் நடவு ஆரம்பித்துவிட்டது. ஐந்து நாளாக வயலில் குனிந்து நிற்கிறேன். தேயிலைக்கு நிமிர்ந்தே நின்று பழகிய இடுப்பு, கேட்கமாட்டேன் என்கிறது.

போட்டோ பார்த்தேன். நீ இளைத்திருக்கிறாய். அதைவிட, நீ சிரிக்கிறாய். யாரையாவது ஏமாற்றும்போது நீ இப்படித்தான் பல் தெரியச் சிரிப்பாய் என்று அம்மா சொல்லுவாள்.

அத்தான் கண்ணாடியை மேலே வைத்து அந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தேன். பெரிய பச்சை, அதற்குப் பக்கத்தில் பெரிய சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் நீலத்தில் ஒரு பொட்டு. நீலத்தில் போட்டால் தண்ணீர்தானே? மாடு போகக்கூடாத இடத்துக்குள் தண்ணீர் எப்படி வந்தது? பச்சையில் மேய்கிற மாடு கோடையில் எங்கே போய்க் குடிக்கும்?

இன்னொன்றும் பார்த்தேன். உட்கார்ந்திருக்கிற ஒருவர்கூட வரைபடத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் மை டப்பாவோடு நிற்கிறான்.

"இவன் சும்மா அளக்க மட்டும் போகலை. ஆளைச் சேர்க்கிற வேலையும் பார்க்கான்" என்று அத்தான் சொன்னார். நான் உனக்காகச் சண்டை போடவில்லை.

அந்த நீலப் பொட்டு என்ன? பேச்சுவாக்கில் என்னைப் பற்றி என்ன சொன்னாய்?

செல்லக்கிளி


பாளையங்கோட்டை,
3.8.2025

செந்தூருக்கு,

நீ உயிரோடு நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். ராத்திரி பத்து மணிக்கு என் போனில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. நான் கூப்பிட்டால் மட்டும் எடுப்பதில்லை. நான்கு தடவை கூப்பிட்டேன்.

ஏழு வாரம் ஆகிவிட்டது. தப்பு இல்லை என்றால் இதற்குள் திட்டியாவது ஒரு கடிதம் எழுதியிருப்பாய்.

அத்தானுக்குக் காலில் புண் வந்து கட்டுப் போட்டிருக்கிறோம். பயப்பட ஒன்றும் இல்லை. பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். அது எதற்கு வந்த பணம் என்று எனக்குத் தெரியாது.

செல்லக்கிளி


நரோக்,
24.8.2025

அக்கா,

அத்தான் புண் ஆறுகிறதா? சர்க்கரை பார்த்தார்களா? முதலில் அதை எழுது.

உன் இரண்டு கடிதமும் என் பெட்டியில்தான் இருந்தன. ஒவ்வொரு நாளும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். இன்று எழுதிவிடுகிறேன்.

அந்த நீலப் பொட்டு ஓர் ஊற்று. இந்தப் பக்கத்தில் எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர் அது ஒன்றுதான். பழைய வரைபடத்தில் அது பச்சையில் இருந்தது. யானையும் சிங்கமும் தண்ணீருக்கு வருகிற இடம் என்பதால் அங்கே புதுக் கூடாரங்கள் கட்டக் கம்பெனிக்கு ஆசை. வெள்ளைக்காரர்கள் பார்க்கிறபோது மாடு நின்றால் நன்றாக இருக்காதாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஊற்றைச் சிவப்புக்குள் கொண்டுவரச் சொன்னார். கணினியில் ஒரு கோட்டை நகர்த்த எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வீடு வீடாகப் போய் விளக்கியதும் நான்தான். "உங்கள் நிலத்தின் எல்லை ஓர் அடிகூட மாறவில்லை" என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். அது பொய்யில்லை. நிறம் மாறியதை மட்டும் சொல்லவில்லை.

தயங்கினவர்களிடம் உன் கதையைச் சொன்னேன். என் அக்காவையும் காட்டுக்காக மலையிலிருந்து இறக்கினார்கள், கடைசிவரைக்கும் கையெழுத்துப் போடாமல் நின்று கடைசி லாரியில்தான் இறங்கினாள், அவளுடைய தம்பியான நான் உங்களுக்குக் கெடுதல் செய்வேனா என்று கேட்டேன். நைசுலா அழுதுவிட்டாள். அன்றைக்கே கட்டைவிரல் வைத்தாள். உன்னை விசாரித்தது அதனால்தான்.

கையெழுத்தான நிலத்தில் ஜூலையிலிருந்தே புது விதியைக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே இப்போது கடும் வறட்சி. வழக்கம்போல நைசுலா தன் பதினொரு மாட்டையும் ஊற்றுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். காவலர்கள் மாடுகளைப் பிடித்து நான்கு நாள் அடைத்து வைத்தார்கள். அவிழ்த்துவிட்டபோது மூன்று செத்துக் கிடந்தன.

அவள் கூடார வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிடச் சொன்னாள். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

அக்டோபரில் நிலத்துக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். மீதி இருபத்திரண்டு பேரும் போட்டுவிட்டால் முடிந்துபோகும். நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நீ பட்டவள். நான் என்ன செய்யட்டும், சொல்.

உன் தம்பி,
செந்தூர்


பாளையங்கோட்டை,
16.9.2025

தம்பி செந்தூருக்கு அக்கா எழுதுவது.

புண் ஆறிவருகிறது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் மிச்ச மாடுகள் எப்படி இருக்கின்றன?

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டவில்லை. என் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். காரணம் உன் தப்பு இல்லை. என்னுடையது.

நான் கடைசிவரைக்கும் கையெழுத்துப் போடாமல் நின்றேன் என்று உன்னிடம் சொன்னது பொய், செந்தூர். முதலில் போட்டவளே நான்தான்.

மலையிறங்கும் பேச்சு வந்தபோது ஒரு தரகர் மேலே வந்தார். கீழே வீடு ஒதுக்குகிற இடத்தில் தனக்கு ஆள் தெரியும் என்றார். ஒரு காகிதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். எங்கள் வரிசை வீடுகளில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். "நீ வாசிச்சுச் சொன்னா எல்லாரும் போடுவாக. உனக்குக் கீழ்வீடா பார்த்துத் தாரேன், உன் வீட்டுக்காரருக்குக் கால் வேற சரியில்லையே" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கோயில் முன்னால் பத்தொன்பது பெண்களை உட்காரவைத்து வாசித்தேன். வீடு எப்போது, லாரி எப்போது என்பதெல்லாம் வாசித்தேன். கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன். இனி மாற்று நிலமோ வேறு இடமோ கேட்கமாட்டோம் என்று அதில் இருந்தது. நான் முதலில் போட்டேன், பேச்சித்தாய் இரண்டாவதாகப் போட்டாள். மனையாவது கேட்கலாம் என்று பிறகு அவர்கள் கிளம்பியபோது, தரகர் அந்தப் பத்தியைக் காட்டியிருக்கிறார். குழாயடிச் சண்டை என்று உனக்கு எழுதியது பொய். "எங்களுக்கு மாடி, உனக்கு மட்டும் எப்படிடி கீழ்வீடு?" என்றுதான் அவள் கேட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

கடைசி லாரியில் வந்தது நிஜம். முதல் லாரியில் அவர்களோடு உட்கார்ந்து வர முகம் இல்லை.

உன்னை இத்தனை நாள் தோண்டித் தோண்டிக் கேட்டேனே, அது உன்மேல் இருந்த சந்தேகம் மட்டும் இல்லை. எப்படிச் செய்வார்கள் என்று செய்தவளுக்குத்தானே தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய் அவளுக்குப் புரிகிற பாஷையில் வாசித்துச் சொல். என்னை நினைத்து அழுதாள் என்றாயே, அந்த அழுகையை அவள் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வரியும் விடாதே.

செல்லக்கிளி


நரோக்,
26.10.2025

அக்காவுக்கு,

அத்தானுக்கு மாத்திரையை நேரத்துக்குக் கொடு. நான் திடமாக இருக்கிறேன். வேலைதான் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே நைசுலா வீட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. முள்வேலிக்கு வெளியே நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்து முடித்ததும், "இன்னொரு முறை" என்றாள். இரண்டாவது முறை வாசிக்கும்போது பக்கத்து வீட்டு ஆசிரியையை அழைத்து நிற்கவைத்துக்கொண்டாள், முதல் முறை சொன்னதை நான் மாற்றிச் சொல்கிறேனா என்று பார்க்க. பிறகு கேட்டாள்: "உன் வரைபடத்தில் நீ வாசிக்காமல் விட்ட வரி எது?"

ஊற்றைச் சொன்னேன்.

கூட்டத்துக்கு அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். பழைய வரைபடத்தையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். நைசுலா குனிந்து இரண்டிலும் ஊற்றின்மேல் ஒவ்வொரு கல்லை வைத்தாள். ஒரு கல் பச்சையில், ஒரு கல் சிவப்பில். மேலாளர் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், கூச்சலில் கேட்கவில்லை. சங்கத் தலைவர் தன் கையெழுத்தைத் தானே அடித்தார். நிறம் மாறியது தனக்கும் தெரியாது என்று சொல்கிறார், நைசுலா நம்பவில்லை. முப்பத்தாறு பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஐந்து பேர் பெறவில்லை. கம்பெனி வாடகையை நிறுத்திவைத்திருக்கிறது. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

புது வரைபடத்தைச் சங்கமே போடப்போகிறது. அளக்கிறவன் நான்தான், வேறு ஆளுக்கு அவர்களிடம் வசதி இல்லை. சம்பளம் கிடையாது, சாப்பாடு போடுகிறார்கள். என்னை நம்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முளை அடிக்கும்போதும் இரண்டு பெண்கள் என் பின்னால் நிற்கிறார்கள். சாயங்காலம் ஆசிரியை என் குறிப்பை வாங்கிச் சரிபார்க்கிறாள்.

நைசுலா உனக்கு ஒரு கடிதம் சொன்னாள். சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். கீழே இருக்கும் கோடுகள் அவள் கையால் போட்டவை.

செந்தூர்

*

செல்லக்கிளிக்கு நைசுலா.

உன் வீட்டில் எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்களா? உன் புருஷன் கால் எப்படி இருக்கிறது? என் வீட்டில் நான் நடமாடுகிறேன், மாடுகளில் எட்டு நடமாடுகின்றன.

இதை எழுதுகிறவன் உன் தம்பி. நான் சொல்வதைத்தான் எழுதுகிறானா என்று எனக்குத் தெரியாது. உங்கள் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது. அதனால் கீழே நானே கோடு போடுகிறேன். ஒரு மாட்டுக்கு ஒரு கோடு. செத்ததன்மேல் குறுக்கே அடித்திருக்கிறேன். இவன் எழுதின எண்ணும் என் கோடும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, நீயும் கோடு போட்டு அனுப்பு. பதினொரு மாடு இருந்தது. மூன்று செத்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உன்னை நினைத்துத்தான் விரல் வைத்தேன். ஆனால் யாரும் கேட்காமலே நீ சொல்லிவிட்டாய். உன் தம்பி, நீ கேட்டுக் கேட்டுத்தான் சொன்னான்.

ஒன்று தெரிய வேண்டும். நீ அந்த வரிகளை விட்டுவிட்டு வாசித்தபோது, பெண்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

| | | | | | | | ✕ ✕ ✕


பாளையங்கோட்டை,
18.11.2025

நைசுலாவுக்குச் செல்லக்கிளி எழுதுவது. தம்பி, இதை ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

உன் எட்டு மாடும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே மழை வந்ததா? இங்கே மூன்று நாளாக விடாமல் பெய்கிறது. என் புருஷன் புண் ஆறிவிட்டது, கம்பு ஊன்றி நடக்கிறார்.

எண்ணிப் பார்த்தேன். பதினொரு கோடு, மூன்றில் குறுக்கே அடித்திருக்கிறாய். என் தம்பியும் அதையேதான் எழுதியிருக்கிறான். கீழே நானும் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம், தரகர் காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். பேச்சித்தாய் கதவைப் பாதி திறந்து நின்றாள். "வாசிக்கணும்னு வந்திருக்கேன். அன்னைக்கு விட்டதையும் சேர்த்து" என்றேன். காகிதத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீ வாசிக்க வேண்டாம். நீ வாசிச்சது போதும்" என்றாள்.

அடுக்குமாடி வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஆபிதா பீவியை அழைத்துவந்தார்கள். அவர் படித்தவர், எங்களில் யாருக்கும் சொந்தமோ பகையோ இல்லாதவர். பன்னிரண்டு பெண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். எனக்கு இடம் விடவில்லை. நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். அவர் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். கடைசிப் பத்தியை மட்டும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி மூன்று தடவை வாசித்தார்.

என் புருஷனுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நடந்தார். எதற்கு என்று கேட்டேன். "இந்தக் கீழ்வீட்டைத் திருப்பிக் கொடுத்துருவோம். படியேறப் பழகிக்கிடுதேன்" என்றார்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். பெண்கள் பஸ் ஏறினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம், "இந்தப் பத்தியை வாசிக்காமல் விட்டவள் நான்தான், என் பெயரையும் எழுதுங்கள்" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். பேச்சித்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரைப் பார்த்து, "அதையும் எழுதிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள். மேற்கொண்டு ஒன்றும் தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான்கு நாள் யோசிக்க வேண்டியிருந்தது. மறந்துபோனதால் இல்லை, எழுதக் கை வராததால்.

அவர்கள் காகிதத்தைப் பார்க்கவில்லை. பத்தொன்பது பேரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பத்திக்கு வந்ததும் பேச்சித்தாயைப் பார்த்துச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அந்த நேரத்துக்குள் காகிதத்தை மடித்துவிட்டேன்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், நைசுலா. என் தம்பி தரையில் வரைபடத்தை விரிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காதே.

செல்லக்கிளி

| | | | | | | | ✕ ✕ ✕